பிரேக் பெடல் ஏன் இவ்ளோ அகலம்?

கிளட்ச் பெடல் இருக்கு, அஞ்சு கியர் போடுற லிவர் இருக்கு, ஆனா நடுவுல இருக்குற பிரேக் பெடல் மட்டும் ரெண்டு காலயும் வச்சு மிதிக்கலாம்ங்கற அளவுக்கு அகலம். அதுலயும் இடது பக்க ஓரத்த யாரோ கிரைண்டர்ல அறுத்து எடுத்திருக்காங்க, அறுத்த முனைய அரம் போட்டு உருட்டியும் விட்டிருக்காங்க, அப்படியும் அகலமாத்தான் இருக்கு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட், காபி காயப்போடுற களத்த ஒட்டி ஒரு தகர ஷெட், அதுக்குள்ள நின்ன பழைய மாருதி எஸ்டீம். பானெட்டக் கூட தூக்காம டார்ச் அடிச்சு கால் வைக்கிற இடத்ததான் முதல்ல பார்த்தேன். ஏன்னா ஃபோன்லயே அந்த வீட்டு அண்ணன் சொல்லிட்டாரு, "தம்பி, இது கம்பெனில இருந்து வந்தப்ப ஆட்டோமேட்டிக்குங்க, இடையில கியர் வண்டியா மாத்துனோம், அது தெரிஞ்சு பிடிச்சா மட்டும் மேல வாங்க"ன்னு. விக்கிறவரு வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததுக்காகவே மலை ஏறுனேன்.

நமக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. சேலம் செவ்வாய்பேட்டைல தாத்தா காலத்துப் பட்டறை, ஊதுகுழலும் அரமும்தான் என் கைக்குப் பழக்கம். காரு தொழில் கிடையாது, ஆனா பத்தாவது படிக்கிறப்ப இருந்தே மனசு அங்கதான். தாய்மாமா சங்ககிரிக்காரரு, முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு, லீவு விட்டா அவரு வண்டி கேபின்லதான் கிடப்பேன். எஸ்டீம் மேல ஆசை வந்ததுக்குக் காரணம் எங்க தெருவுல ஒரு ஜவுளிக்கடைக்காரர் வச்சிருந்த ஊதா கலர் எஸ்டீம். 1994-ல வந்து 2007 வரைக்கும் வித்த வண்டி, 1.3 லிட்டர் இன்ஜின், மொத்த எடை ஒரு டன்னுக்கும் கம்மி, அதனால சின்ன இன்ஜினா இருந்தாலும் மிதிச்சா துள்ளிக்கிட்டுப் போகும். ராலிக்காரங்க ஒரு காலத்துல இத விடாம ஓட்டுனதுக்கும் அந்த எடைதான் காரணம். நம்ம கையால பிரிச்சு மாட்டக்கூடிய கடைசித் தலைமுறை வண்டிகள்ல ஒண்ணுன்னு நான் இத நினைக்கிறேன், அதனாலதான் புதுசா லோன் போட்டு எதுவும் வாங்காம மூணு வருஷமா இதத் தேடிக்கிட்டிருந்தேன்.

ஆனா ஆட்டோமேட்டிக் எஸ்டீம் ஒண்ணு இருந்துச்சுன்னே நிறைய பேருக்குத் தெரியாது. இன்னைக்கு தெருவுக்கு நாலு ஆட்டோமேட்டிக் ஓடுது, 2014-ல செலேரியோல ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் வண்டியே பார்த்துக்குற முறை, வந்தப்புறம்தான் நடுத்தரக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்புச்சு. தொண்ணூறுகள்ல அது வேற கதை. மூணே மூணு கியர், டார்க் கன்வெர்ட்டர் வச்ச பழைய முறை, விலையும் கூட, மைலேஜும் கம்மி, ரிப்பேர்னா பார்க்கத் தெரிஞ்ச ஆள் கோயமுத்தூர்லயோ மெட்ராஸ்லயோதான். அப்படி இருந்தும் ஏன் வாங்குனாங்கன்னு கேட்டேன். அண்ணன் சொன்னாரு, அவங்க அப்பாவுக்கு இடது முட்டி போயிருச்சாம், எஸ்டேட் வேலையில ஒரு தடவ சரிவுல விழுந்ததுல. கிளட்ச் மிதிக்க முடியாது, ஆனா வண்டி ஓட்டாம இருக்கவும் முடியாது, அதனால 1998-ல புதுசா ஆட்டோமேட்டிக்கா பார்த்து எடுத்தாரு. பத்து வருஷத்துக்கு மேல ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் அவரே ஓட்டுனாரு.

அப்புறம் கியர்பாக்ஸ் போச்சு. அது போனதுல ஆச்சரியம் இல்ல, ஏன்னா அந்த மாதிரி கியர்பாக்ஸுக்கு மலைதான் எமன். டார்க் கன்வெர்ட்டர் வச்ச வண்டில இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இரும்போட இரும்பு நேரா பிடிக்கிற இணைப்பு எதுவும் இல்ல, எண்ணெய் மட்டும்தான். இன்ஜின் பக்கம் சுத்துற ஒரு விசிறி எண்ணெய வீசி அடிக்கும், அந்த வேகத்துல எதிர்ப்பக்க விசிறி சுத்தும், அப்படித்தான் சக்கரத்துக்கு இழுவை போகுது. சமவெளியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல சுத்தும். கொண்டை ஊசி வளைவுல லோடோட மெதுவா ஏறுறப்ப ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா, அந்த வித்தியாசம் பூரா எண்ணெயில சூடா இறங்கும். அந்த எண்ணெய ஆத்துறதுக்குத்தான் ரேடியேட்டரோட கீழ்த்தொட்டிக்கு ரெண்டு பைப்பு போகும். இருபது வளைவு, வாரத்துக்கு ரெண்டு நடை, பத்து வருஷம். எண்ணெய் கருகி, உள்ள இருக்குற கிளட்ச் தகடுகள் தேஞ்சு, கடைசில ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி வளைவுல அப்படியே நிக்கும்னு அண்ணன் சொன்னப்ப எனக்கு அந்த வாசனையே மூக்குல அடிச்ச மாதிரி இருந்துச்சு. சாமான் கிடைக்கல, கிடைச்ச ஒண்ணுக்கு வண்டி விலையில பாதி கேட்டாங்க. சேலத்துல அவங்க வழக்கமா விடுற மெக்கானிக் ஒருத்தர்தான் "கியர் வண்டி பாக்ஸ் மெட்ராஸ் புதுப்பேட்டைல சல்லிசா கிடைக்கும், மாத்திப்புடலாம்"னு சொல்லி மாத்திக் கொடுத்தாரு.

"வண்டி நல்லா ஓடுச்சு தம்பி. அப்பாதான் ஓட்டல"ன்னாரு அண்ணன். சொல்லிட்டு களத்துப் பக்கம் பார்த்தாரு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேச வரல. முட்டிக்காக வாங்குன வண்டி, அதுலயே கிளட்ச் வந்து உக்காந்துக்கிச்சு. வேற வழி இல்லாம செஞ்சாங்க, வீட்டுக்கு இருக்குறது ஒரே வண்டி, காபி எடுக்குற சீசன்ல வண்டி இல்லாம எஸ்டேட் நடக்காது. மகன் ஓட்டுனாரு, பெரியவர் பக்கத்துல உக்காந்து வந்தாரு. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகுதாம், வண்டியும் அப்ப இருந்து பெரும்பாலும் ஷெட்டுலதான்.

இந்த மாதிரி மாத்துன வண்டிய வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கிலோமீட்டர், டயர், பெயிண்ட் இதெல்லாம் எல்லா பழைய வண்டிக்கும் உள்ளது. மாத்துன வண்டியில நீங்க காசு குடுக்குறது முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கோட கைக்கு. அவரு எங்க நின்னு நிதானமா செஞ்சாரு, எங்க அவசரப்பட்டாரு, அத வண்டியே சொல்லும், நாமதான் உக்காந்து கேட்கணும். கொலுசுல பத்தவச்ச இடத்த வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால என் கண்ணு தன்னால வெல்டிங் இருக்குற இடமாத்தான் போகும்.

அப்படிப் போனப்ப முதல்ல மாட்டுனது கிளட்ச் கேபிள். ஆட்டோமேட்டிக் வண்டில கேபிளுக்கு வேலை கிடையாது, அதனால இந்த வண்டில இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகட்டுல புதுசா ஓட்டை போட்டுத்தான் கொண்டு வந்திருக்காங்க. வெறும் ஓட்டை போட்டு விட்டா என்ன ஆகும்னா, ஒவ்வொரு தடவ கிளட்ச் மிதிக்கிறப்பவும் அந்த மெல்லிசுத் தகடு முன்னால பின்னால வளையும், ரெண்டு வருஷத்துல ஓட்டையச் சுத்தி விரிசல் விடும், மிதிக்கிற மிதி பாதி தகடு வளையறதுக்கே போயிரும். இந்த ஆளு உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பிளேட்டு வச்சு நடுவுல தகட்ட இறுக்கி, ஓரம் முழுக்க வெல்டு பிடிச்சு, மேல ரெட் ஆக்சைடு அடிச்சிருந்தாரு. பதினஞ்சு வருஷம் கழிச்சும் ஒரு மயிரிழை விரிசல் இல்ல. அதப் பார்த்ததும் மனசுக்குள்ள பாதி முடிவு பண்ணிட்டேன்.

மத்தபடி பார்த்தது: ரேடியேட்டர் கீழ ரெண்டு பைப்பயும் வெட்டி முறையா அடைச்சிருந்தாங்க. கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டு, அதான் டிரைவ் ஷாஃப்ட், மேனுவல் வண்டியோடதையே போட்டிருந்தாங்க, இது முக்கியம், ஏன்னா நிறைய வண்டிகள்ல ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் ஷாஃப்ட் நீளம் ஒண்ணா இருக்காது, பழசையே திணிச்சா குழியில இறங்குறப்ப ஜாயிண்டு உள்ள போயி முட்டும் இல்லன்னா வெளிய இழுத்துக்கும். கியர்பாக்ஸ் மவுண்டிங் பிராக்கெட்டு ஒண்ணு லேத்துல செஞ்சது, பரவால்ல. ரிவர்ஸ் லைட்டு எரியல. அதுக்குக் காரணம் சீட்டு நடுவுல இருந்த வயர்க் கட்டு, பழைய ஆட்டோமேட்டிக் லிவருக்கு வந்த வயர்கள முறுக்கி டேப்பு சுத்தி அப்படியே உள்ள தள்ளியிருந்தாங்க. ஆட்டோமேட்டிக்ல லிவர் P-லயோ (பார்க்கிங்) N-லயோ (நியூட்ரல்) இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும், அந்தக் காவல் சுவிட்ச நேரடியா இணைச்சு விட்டுட்டாங்க, ரிவர்ஸ் லைட்டும் அதே சுவிட்சுலதான் இருந்திருக்கு, அத புது பாக்ஸுக்கு மாத்த மறந்துட்டாங்க. ஸ்டார்ட் பண்ணி விட்டப்ப ஐடில்ல லேசா ஒரு டக் டக் சத்தம், கிளட்ச மிதிச்சா குறையுது. மிதிக்கிறப்ப கிளட்ச விடுவிக்கத் தள்ளுற ரிலீஸ் பேரிங்கா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். தப்பா நினைச்சேன், அத அப்புறம் சொல்றேன்.

அண்ணன் அம்பத்தஞ்சு கேட்டாரு, நான் நாப்பதுல நின்னேன், கூட வந்த மாமா நடுவுல பூந்து நாப்பத்தி நாலுக்கு முடிச்சாரு. அவங்க அம்மா காபி குடுத்தாங்க. "நல்லா ஓட்டு கண்ணு"ன்னாங்க, அவ்ளோதான்.

இறக்கம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 சொச்சம். ரெண்டு ஆளோட ஒரு டன் எடை 1,200 மீட்டர் கீழ இறங்குதுன்னா அந்த சக்தி எங்கயாவது போயாகணும், நான் ஒரு தடவ கணக்குப் போட்டுப் பார்த்தேன், பச்சத்தண்ணி முப்பது லிட்டருக்கு மேல கொதிக்க வைக்கிற சூடு அது. காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சத்த இன்ஜின் வாங்கலன்னா மொத்தமும் பிரேக்குக்குத்தான். அதனாலதான் மலைல கியர்ல இறங்கச் சொல்றது. மாமா எனக்குப் பதினெட்டு வயசுல சொன்னது, "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு மாப்ள, பிரேக்கு நிறுத்துறதுக்கு மட்டும்தான்". நான் ரெண்டாவது கியர்ல விட்டேன், ஏரி தாண்டி, முதல் நாலஞ்சு வளைவு அழகா வந்துச்சு, இன்ஜின் பிடிச்சு இழுக்குற அந்தச் சத்தம் கேக்க அவ்ளோ சந்தோஷம், சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, ஜன்னல் வழியா குளிர் காத்து, மாமா கூட ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாரு. பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவுக்குள்ள திரும்புறேன், டப்புன்னு ஒரு சத்தம், லிவர் தன்னால துள்ளி நியூட்ரலுக்கு வந்துருச்சு.

அந்த அமைதிய மறக்க முடியாது. இன்ஜின் இழுவை ஒரே நொடில காணாமப் போச்சு, வண்டி யாரோ பின்னால இருந்து தள்ளுன மாதிரி வளைவுக்குள்ள ஓடுது, எதிர்ல ஒரு பஸ்ஸு ஏறிட்டிருக்கான். அப்ப என் கால் அந்த அகல பெடல் மேல போச்சு. தேடவே இல்ல, எங்க வச்சாலும் பிரேக்குதான். வண்டி ஓரமா நின்னுச்சு. மாமா என்னத் திட்டல. "பயப்படாத. கியரப் போடு. நான் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லி வலது கைய லிவர் மேல வச்சு ரெண்டாவதுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. அடிவாரம் வர்ற வரைக்கும் அந்தக் கை எடுக்கல. லாரில கியர் கழண்டா பழைய ட்யூப் ரப்பர வெட்டி லிவர சீட்டோட கட்டிக்கிட்டு ஓட்டுவாங்களாம், போற வழியெல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு, என் கவனத்த நிதானத்துல வைக்கத்தான் பேசுறாருன்னு எனக்குத் தெரியும். அடிவாரத்துல நிறுத்துனப்ப முன்சக்கரத்துல இருந்து கருகல் வாசனை. தண்ணி ஊத்தப் போன டீக்கடைப் பையன மாமா தடுத்துட்டாரு, சூடான டிஸ்க்குல தண்ணி ஊத்துனா வளைஞ்சோ விரிஞ்சோ போகும், தன்னாலதான் ஆறணும். அரை மணி நேரம் உக்காந்திருந்தோம். சாயந்திரம் செவ்வாய்பேட்டைல தட்டுவடை செட்டு சாப்பிடுறப்பதான் என் கை நடுங்குறது நின்னுச்சு.

கியர் கழண்டுக்குதுன்னா பொதுவா உள்ள பல்லு தேஞ்சிருக்கும், இல்லன்னா அத நிறுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கும் உருண்டையும் போயிருக்கும். இறக்கத்துல சக்கரம் இன்ஜின சுத்த வைக்கும், விசை தலைகீழா வரும், அப்பதான் தேஞ்ச பல்லு ஒண்ணையொண்ணு வெளிய தள்ளும். ஏறுறப்ப கழலாதது கூட இறங்குறப்ப கழலும். அதனால பாக்ஸ் போச்சுன்னே முடிவு பண்ணி, கோரிமேட்டுல ஒரு நண்பனோட ஷெட்டுல வண்டியத் தூக்கி நிறுத்தி ரெண்டு ஞாயித்துக்கிழமைல கியர்பாக்ஸ வெளிய எடுத்தோம்.

கிளட்ச் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு எல்லாம் கழட்டிட்டு இன்ஜின் முனையில கூடவே சுத்துற கனமான இரும்புச் சக்கரம், அதான் ஃப்ளைவீல், அதோட போல்ட்டுல ஸ்பானர் வச்சா, ரெண்டு போல்ட்டு கையாலயே திரும்புது. நண்பன் என்னப் பார்த்தான், நான் அவனப் பார்த்தேன். எல்லாத்தயும் கழட்டி வரிசையா துணி மேல வச்சோம். எல்லாமே குட்டை. ஆட்டோமேட்டிக் வண்டில ஃப்ளைவீல் கிடையாது, அதுக்குப் பதிலா மெல்லிசா ஒரு தகடு இருக்கும், அதுலதான் டார்க் கன்வெர்ட்டர் உக்காரும். அந்தத் தகட்டுக்கு சின்ன போல்ட்டு போதும். ஃப்ளைவீல் தடிமனானது, அதுக்குப் பெரிய போல்ட்டு வேணும். இங்க தகடு போட்ட போல்ட்டயே ஃப்ளைவீலுக்கும் போட்டு முடுக்கியிருக்காங்க. பட்டறைல இருந்து வெர்னியர் எடுத்துட்டு வந்து அளந்தேன், ஃப்ளைவீல் தடிமன் போக இன்ஜினோட சுத்துற தண்டு கிராங்க்குக்குள்ள போனது நாலஞ்சு புரிதான். அந்த டக் டக் சத்தம் பேரிங் இல்ல, ஃப்ளைவீல் ஆடுன சத்தம். இன்ஜின் முழு வேகத்துல சுத்துறப்ப அந்த நாலஞ்சு புரியும் விட்டிருந்தா அத்தன கிலோ இரும்பு அத மூடியிருக்குற பெல் ஹவுசிங்க உடைச்சுக்கிட்டு நேரா கால் இருக்குற பக்கம்தான் வரும். மாமா கால், என் கால். அன்னைக்கு நான் வேலையத் தொடரல, ஷெட்டப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

பாக்ஸப் பிரிச்சுப் பார்த்தா உள்ள பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது கியர் பல்ல லென்ஸ் வச்சுப் பார்த்தேன், ஓரம் கூட மழுங்கல. அப்ப ஏன் கழண்டுச்சு? புது போல்ட்டு, புது கிளட்ச் செட்டு போட்டு எல்லாத்தயும் மாட்டுனப்புறமும் விடை தெரியல. ஒரு நாள் ராத்திரி வண்டிக்குள்ள சும்மா உக்காந்து ரெண்டாவது கியரப் போட்டுப் போட்டு எடுத்துக்கிட்டிருந்தேன், லிவர் பின்னால போய் நிக்கிறப்ப ரப்பர் மூடிக்குக் கீழ ஏதோ இடிக்கிற மாதிரி ஒரு சின்ன சத்தம். மூடியத் தூக்கிப் பார்த்தா, ஆட்டோமேட்டிக் லிவருக்காக இருந்த ஓட்டையத்தான் பெருசாக்கி இந்த லிவர நுழைச்சிருக்காங்க, பின்பக்கம் தகடு ஒரு விரல் அகலம் அதிகமா விட்டுப் போச்சு. ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் லிவர் பின்னால வரணும், முழுசா வர்றதுக்குள்ள தகட்டுல இடிச்சு நின்னுருது. ஆரம்பத்துல இடிச்சிருக்காது போல, மவுண்டிங் ரப்பரும் கியர் ராடு புஷ்ஷும் தேயத் தேய பாக்ஸ் கொஞ்சம் பின்னால சாஞ்சிருக்கு. கியர் பாதிதான் மாட்டியிருக்கு, நமக்கு மாட்டுன மாதிரி தெரியும். பட்டறை அரத்த எடுத்து அரை மணி நேரம் ராவி எடுத்தேன். புஷ்ஷு, மவுண்டிங் மாத்துனேன். அடுத்த வாரம் தனியா ஏற்காடு ஏறி இறங்குனேன், ரெண்டாவதுல இருபது வளைவும். கழலல.

ஒரு விரல் தகட்டுக்காக கியர்பாக்ஸையே எடுத்தோமேன்னு நண்பன் வருத்தப்பட்டான். எடுக்காம இருந்திருந்தா அந்த போல்ட்டு தெரிஞ்சிருக்காதுன்னு நான் சொன்னேன். மாத்துன வண்டி வாங்குறவங்க தயவுசெஞ்சு இத மட்டும் செய்யுங்க, முதல் தடவ கிளட்ச் மாத்துறப்ப ஃப்ளைவீல் போல்ட்டயும் கழட்டி அளந்து பாருங்க, யாரு என்ன உறுதி சொன்னாலும் சரி. வெளிய இருந்து பார்த்தா அது தெரியாது.

அந்த மெக்கானிக்கப் பார்க்கணும்னு எனக்கு இருந்துச்சு. சண்டை போட இல்ல. அந்தக் கேபிள் பிளேட்ட அப்படிச் செஞ்ச கை எப்படி இந்த போல்ட்டப் போட்டுச்சுன்னு தெரியணும். அண்ணன்கிட்ட விசாரிச்சுப் போனேன், இப்ப பட்டறை இல்ல, வயசாயிருச்சு, வீட்டுத் திண்ணைல உக்காந்திருந்தாரு. எஸ்டீம்னதும் முகம் மலர்ந்துருச்சு. ஒரு குட்டை போல்ட்ட அவரு உள்ளங்கைல வச்சேன். விரலால உருட்டிப் பார்த்தாரு, ரொம்ப நேரம் பேசல. "தப்பு கண்ணு"ன்னாரு. "பெரிய போல்ட்டு மெட்ராஸ்ல இருந்து வரணும்னு சொல்லியிருந்தேன், வண்டி அவசரமா வேணும்னாங்க, வந்ததும் மாத்திக்கலாம்னு விட்டேன். அப்புறம் வண்டி வரவும் இல்ல, நான் போகவும் இல்ல. போயிருக்கணும்." சாக்கு எதுவும் சொல்லல. இத்தன வருஷம் அது மலை ஏறி இறங்கியிருக்குன்னு நான் சொன்னப்ப கண்ண மூடிக்கிட்டாரு.

கிளம்புறப்ப பெடல் பத்திக் கேட்டேன். மேனுவல் பாக்ஸோட பெடல் செட்டும் கூடவே வந்திருக்கும்ல, ஏன் பழச அறுத்துப் போட்டீங்கன்னு. "இருந்துச்சு, மாட்டவும் மாட்டிட்டேன். பெரியவர் வந்து உக்காந்து மிதிச்சுப் பார்த்தாரு. பத்து வருஷமா மிதிச்ச எடத்துல பிரேக்கு இல்லயேன்னாரு. ஓட்டுறதா இருந்தா பிரேக்கு அங்கதான் இருக்கணும்னாரு. சரின்னு கழட்டிட்டு பழசையே கிளட்சுக்கு எடம் விட்டு அறுத்துக் குடுத்தேன், ஓரம் கால்ல குத்தக்கூடாதுன்னு அரம் போட்டேன். களத்துல ரெண்டு சுத்து ஓட்டுனாரு கண்ணு. கிளட்ச் எடுக்குறப்ப முட்டி வலிச்சு முகமே மாறிடுச்சு. எறங்கி சாவிய மகன் கையில குடுத்துட்டாரு."

மேனுவல் எஸ்டீமோட சின்ன பெடல் ஒண்ணு நான் ஏற்கெனவே வாங்கி டிக்கில வச்சிருந்தேன், மாத்தலாம்னு. மாத்தல. மலைல என்னக் காப்பாத்துனது இந்த அகலம்தான், அதோட சேர்ந்து இதுவும் தெரிஞ்சப்புறம் ஸ்பானர் வைக்க மனசு வரல.

பேப்பர் விஷயம் கேக்குறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி-ல இருக்குறதுக்கும் முரண் வர்ற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத கறாரா சொல்லிருச்சு. என் ஆர்சி-ல இன்ஜின் நம்பர், சேஸி நம்பர், எரிபொருள், கலர் எல்லாம் இருக்கு, கியர்பாக்ஸ் பத்தி ஒரு வரியும் இல்ல, போட்டிருக்குறதும் அதே கம்பெனி அதே மாடலோட பாக்ஸ்தான். இருந்தாலும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்து, அந்தக் கடிதத்த அவங்க பெற்றுக்கிட்டதுக்கு முத்திரை போட்ட நகல் வச்சிருக்கேன். மறைச்சு வச்சு ஒரு விபத்து நடந்தா அப்ப யாரு பதில் சொல்றது. பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ பதிவு புதுப்பிக்கணும், இதுக்கு அண்ணன் 2023-ல செஞ்சு வச்சிருந்தாரு, அந்தக் கவலை 2028-க்கு.

போன மாசம் எஸ்டேட்டுக்கு மறுபடி போனேன், வண்டி இப்ப எப்படி ஓடுதுன்னு காட்டுறதுக்காக. அண்ணன் ஏறி உக்காந்து ஏரி வரைக்கும் ஓட்டிட்டு வந்தாரு, ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்னால லைட்டு எரியறதப் பார்த்து சிரிச்சாரு, பதினஞ்சு வருஷமா எரியாத லைட்டு. அப்புறம் காபி மூட்டை அடுக்குற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மூலையில சாக்குக்குக் கீழ அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ். எடைக்குப் போட பெரியவர் விடவே இல்லயாம், பார்க்கத் தெரிஞ்ச ஆளு யாராவது வருவான், சரி பண்ணித் திரும்ப மாட்டிக்கலாம்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாராம். "நீங்க எடுத்துக்கிறீங்களா தம்பி, வண்டியோடவே இருக்கட்டும்"னாரு.

ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கித்தான் டிக்கில வைக்க முடிஞ்சுது. ரெண்டாவது கியர்ல இறங்குனேன். சேலம் வந்து டிக்கியத் திறந்தா உள்ள இன்னும் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கு போல, வளைவுக்கு வளைவு சிந்தி, கருஞ்சிவப்பா டிக்கில விரிச்ச மேட்டுல ஒரு கறை. பெட்ரோல் போட்டுத் தேச்சும் போகல.